மாணவர் எழுத்தும் நம் சஞ்சிகையும்

(சங்க மாணவர் விடுதியின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது மாத சஞ்சிகையில் மாணவர்க்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கவேண்டும் என்னும் யோசனையைக் காரியக் கமிட்டியார் ஆலோசித்து வருகின்றனர். அதுபற்றி என் அபிப்பிராயத்தைக் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பக்கம் ஒதுக்குவது எளிது. அப்பக்கத்தில் யாருடைய எழுத்து வரப்போகின்றது என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம்.

ஆண்டுதோறும் நம் வியாசப் போட்டிக்கு வரும் தாள்களைப் பெரியோர்கள் பார்த்திருப்பீர்கள். மரம் வளர்த்தலின் நன்மை, காலத்தின் அருமை, ஒற்றுமையின் பயன் என்று தலைப்புக்கள் மாறுமேயன்றித் தாள்கள் மாறுவதில்லை. பெயரை மறைத்துக் கலந்து வைத்தால், எது தன் மகனுடையது என்று பெற்ற தாயும் அறியமாட்டாள். ஒன்றில் தகப்பனாரின் நடை இருக்கும். ஒன்றில் டியூஷன் ஆசிரியரின் நடை இருக்கும். இக்காலத்தில் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்த நடையும் கலந்துவிட்டது. பிள்ளையின் நடையைத்தான் காணோம். இவற்றிற்கே வெள்ளிக் கிண்ணம் அளித்துக் கரகோஷம் செய்கின்றோம். தன் சொல்லுக்கு மதிப்பில்லை, இரவற் சொல்லுக்கே மதிப்பு என்பதையன்றி வேறென்ன பாடத்தை அப்பிள்ளை இதினின்று பெறக்கூடும்?

தமிழில் பிள்ளைகளுக்காக எழுதிய பெரியோர்க்குக் குறைவில்லை. 1950-ஆம் ஆண்டில் அழ. வள்ளியப்பா முதலானோர் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டனர். அது போற்றத்தக்க தொண்டு. ஆயினும் பிள்ளைகளுக்காகப் பெரியோர் எழுதுவது வேறு. பிள்ளைகள் தாமே எழுதுவது வேறு. பின்னதற்கு நம்மிடையே கையெழுத்துப் பத்திரிகை என்னும் நல்ல மரபு இருந்தது. ஒரே பிரதி, அழகிய கையெழுத்துடையவன் எழுதுவான், சித்திரம் வரையத் தெரிந்தவன் மேலட்டை வரைவான், கைமாறிக் கைமாறிப் பலரிடம் செல்லும், படித்தவர் தம் கருத்தைக் கடைசித் தாளில் எழுதி வைப்பர். அந்தக் கடைசித் தாளே அதன் உயிர் என்பது என் எண்ணம்.

இவ்விஷயத்தில் பிறநாட்டார் இருவர் செய்தவை நமக்குப் பயன்படும்.

முதல்வர் ருஷிய தேசத்து டால்ஸ்டாய். அவர் 1859-இல் யாஸ்னயா போல்யானா என்னும் தம் கிராமத்தில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒருநாள் ஒரு பழமொழியைக் கொடுத்து அதன்மேல் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கவே, தாமே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அதைக் குறை கூறித் தாங்களே கதையைச் சொல்ல ஆரம்பித்தனர். பேரெழுத்தாளர் எழுதுபவராகவும், சிறுவர் இருவர் சொல்பவராகவும் அமைந்தனர். கதையில் வரும் ஒருவர் பெண்பிள்ளையின் மேலங்கியை அணிந்து வந்தார் என்று சேர்க்கவேண்டுமென்று ஒரு சிறுவன் பிடிவாதம் செய்தான். அந்தச் சிறு குறிப்பால் அம்மனிதர் முழுவதும் கண்முன் நிற்பதைக் கண்டு டால்ஸ்டாய் வியந்தார். பின்னர் அந்தத் தாள்கள், மற்றப் பிள்ளைகள் காகித விளையாட்டுக்காகக் கிழித்ததால் பாழாயின. அவர் வருந்துவதைக் கண்ட அச்சிறுவர் இருவரும், ஓர் இரவு அவர் வீட்டிலேயே அமர்ந்து கதையை மீண்டும் எழுதினர். யார் யாரிடம் எழுதக் கற்பது, பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்று வினவி அவர் 1862-இல் தம் பத்திரிகையில் வரைந்த கட்டுரை இந்நிகழ்ச்சியைக் கூறுவதே.

மற்றவர் பிரெஞ்சு தேசத்து உபாத்தியாயர் செலஸ்டின் ஃபிரெனே. முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயமுற்றவர். நெடுநேரம் உரக்கப் பேச இயலாதவர். தென்பிரான்ஸில் பார்-சூர்-லூ என்னும் மலையூர்ப் பள்ளியில் 1920-இல் அமர்ந்தார். பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துச் செல்வார். கண்டவற்றை அவர்கள் ஆவலுடன் பேசுவர். வகுப்பிற்குத் திரும்பிப் பாடப்புத்தகத்தைத் திறந்தவுடன் அவ்வாவல் அவிந்துவிடும். இதைக் கண்டு 1924-இல் சிறிய கையச்சு இயந்திரம் ஒன்று வாங்கினார். பிள்ளைகள் தாம் விரும்பியதை எழுதி வகுப்பில் வாசிப்பர். எதை அச்சிடுவதென்று வகுப்பே வாக்களித்துத் தெரிந்தெடுக்கும். எழுதிய பிள்ளை உடனிருக்கக் கரும்பலகையில் அது செப்பமுறும். பின் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பிள்ளைகளே அச்சிடுவர். தலைகீழாகத் தோன்றும் எழுத்தை விரலால் எடுத்து வைக்கும் பிள்ளைக்கு எழுத்துப் பிழையென்பது ஆசிரியரின் சிவப்பு மையன்று. எல்லாப் பிரதிகளிலும் தெரியப்போகும் தன் குறை. அச்சான தாள்கள் பிரான்ஸின் மறுகோடியில் பிரிட்டனி கடற்கரையிலுள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பப்பெறும். அங்கிருந்தும் தாள்கள் வரும். மலைநாட்டுப் பிள்ளைகளும் கடலோரப் பிள்ளைகளும் ஒருவர்க்கொருவர் வாசகராயினர்.

நிற்க. இதன் மறுபக்கத்தையும் கூறாது விடலாகாது. ஃபிரெனே பின்னர் சேன்-போல் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே ஒரு சிறுவன், ஊர் மேயரைத் தான் கொன்றதாகக் கண்ட கனவை எழுதினான். 1932-இன் இறுதியில் விரோதிகள் அதையெடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டினர். பெருங் கலகம் மூண்டு, 1933-இல் அவர் அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. 1935-இல் வான்ஸ் என்னுமிடத்தில் தாமே ஒரு பள்ளி நிறுவினார்.

ஒரு பிள்ளையின் கனவையும் பெரியோர் பொறுக்கமாட்டாத இடமுண்டு என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றேன். நம் விடுதிப் பிள்ளை ஒருவன், தமக்கையின் விவாகத்திற்காக வீடு அடகு போனதை எழுதினால் அச்சிடுவோமா? மற்றொரு சமூகத்துத் தோழனின் வீட்டில் உண்டதை எழுதினால்? தகப்பனாரின் குடியை எழுதினால்? "சங்கத்தின் கௌரவம்" என்று சொல்லி அவ்வரிகளை அடித்துவிட்டு, காலத்தின் அருமையைப் பற்றி எழுதி வரச் சொல்வோமாயின், அப்பக்கங்களை இப்பொழுதே விளம்பரத்திற்குக் கொடுத்துவிடலாம். சங்கத்திற்கு வருமானமாவது கிடைக்கும்.

ஆனால் எழுதியவை யாவும் அச்சேறியே தீரவேண்டும் என்பதும் என் கட்சியன்று. வீட்டுத் துயரை எழுதிய பிள்ளை அதை ஊரார் அறிய விரும்பாதிருக்கலாம். அத்தாள் ஆசிரியர் ஒருவர் கண்ணோடு நிற்கட்டும். அல்லது பெயரின்றி வரட்டும். தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கே இருத்தல் வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு விளையுமோ என்று பார்க்கும் கடமை நமக்கிருக்கின்றது. நமக்கு வெட்கமாயிருப்பது வேறு, பிள்ளைக்குத் தீங்காவது வேறு. இரண்டையும் நாம் எளிதில் குழப்பிக்கொள்கின்றோம்.

திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. சந்திப் பிழையையும் எழுத்துப் பிழையையும் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு திருத்துங்கள். பாட்டியிடம் கேட்ட சொல்லைக் கொச்சையென்று அடித்து அகராதிச் சொல்லைப் புகுத்தாதீர்கள். முடிவில் ஒரு திருக்குறளைச் சேர்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். வள்ளுவர்க்கு அதனால் குறைவொன்றும் வாராது.

வெளியீட்டு விழாவோ மிக எளிதாக நடத்தக்கூடியது. பொன்னாடையும் முதற்பரிசும் இரண்டாம் பரிசும் வேண்டா. ஒரு மாலைப்பொழுதில் பெற்றோர் கூடியிருக்க, எழுதியவர் ஒவ்வொருவரும் தம் எழுத்தைத் தாமே வாசிக்கட்டும். எழுத்தறியாத தாயும் பாட்டியும் அன்று தம் பிள்ளையின் வாசகராவர். வாசித்தபின் கேட்டவர் ஒருவராவது அதிலுள்ள விஷயத்தைப் பற்றி ஒரு வினா வினவட்டும். தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வாட்ஸப் குழுவில் அனுப்பினால் நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவர். படித்தவர் நால்வர் இருப்பரோ என்பது ஐயம். சஞ்சிகையின் பிரதிகள் சிலவற்றைப் பிற ஊர்களிலுள்ள, பிற சமூகத்தாருடைய விடுதி மாணவர்க்கும் அனுப்பி, அவர்கள் எழுதும் பதிலை அடுத்த இதழில் வெளியிடுதல் வேண்டும்.

கமிட்டியார் இசைவார்களாயின், தைப்பொங்கல் விடுமுறை கழிந்து மாணவர் திரும்பியதும் தாள்களை விடுதிக் கண்காணிப்பாளரிடம் சேர்ப்பிக்கலாம். தலைப்பு எதுவும் கொடுக்கப்படமாட்டாது. ஒவ்வொரு தாளின் மேலும், அச்சிடலாமா, பெயருடன் அச்சிடலாமா, பெயரின்றியா என்பதைப் பிள்ளை தன் கையாலேயே எழுதியிருத்தல் வேண்டும்.