மார்ச் விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வடக்கே உள்ள நாடுகளுக்கு மார்ச் மாதம் வசந்தம். நம் நாட்டில் மார்ச் என்றால் கொளுத்தும் வெயிலும் பள்ளி விடுமுறையும்தான். பிப்ரவரி பாதியிலேயே வீட்டுக்கு வீடு பேச்சு தொடங்கிவிடும்: "இந்த லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறது?" சின்னக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியால் கணவனும் மனைவியும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வீடும் உண்டு.

போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா வட்டாரம். சுற்றிலும் செம்பனை. அங்கே ஒரு குடும்பம். கணவர் லோரி ஓட்டுகிறார், மனைவிக்குத் தொழிற்சாலையில் வேலை. ஆறு வயதில் மகள், மூன்று வயதில் மகன். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டியும் உடன் இருக்கிறார். கணவருக்குக் கிடைத்தது மூன்று நாள் விடுப்பு. போவது கேமரன் மலைக்குத்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர் லயத்து வீட்டில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் யாரோ கேமரன் போய்வந்து சொன்ன ஸ்ட்ராபெர்ரிக் கதை இன்னமும் அவர் மனத்தில் இருக்கிறது. "எனக்குத்தான் கிடைக்கல, என் பிள்ளைங்களாவது பார்க்கட்டும்" என்றார்.

"என்னங்க, போன வருசம் மலாக்கா போய்ச் சேர்றதுக்குள்ளயே சின்னவன் ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். மறந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனைவி சொன்னதில் தப்பில்லை. சுவாவிலிருந்து கேமரன் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதில் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை 60 கிலோமீட்டர் முழுக்க வளைவு. பால், கழிப்பறை, அழுகை என்று நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம் ஆகும். போதாததற்கு 2025, 2026 இரண்டு ஆண்டுகளிலும் நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்திலேயே வந்தது. பெருநாளுக்கு ஊர் திரும்பும் கார்கள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொள்ளும்போது ஆறு மணி நேரம் ஒன்பதானாலும் கேட்பதற்கில்லை.

இன்னொன்றைப் பலரும் கிளம்பும் அன்றுதான் யோசிக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்ற சட்டம் 2020 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. சிறிய காரின் பின்னால் இரண்டு இருக்கைகளைக் கட்டிய பிறகு, நடுவில் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் பாட்டி ஆறு மணி நேரம் உட்கார முடியுமா? "சின்னவன் என் மடியிலயே இருக்கட்டும்" என்று பாட்டிகள் சொல்வார்கள், பாசம்தான். ஆனால் அவசரத்துக்குப் பிரேக் போட்டால் எந்த மடியும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு மலையின் உயரமும் தேயிலையின் பெருமையும் புரியாது. ஓட இடமும் அள்ள மணலும் இருந்தால் அதற்குப் போதும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், ஒரு வழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாத இடமாகப் பார்ப்பது நல்லது. அப்பாவின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆசைக்காக வாந்தி எடுக்கப் போவது மகன்.

கடைசியில் வழி சொன்னவர் பாட்டி. "ஏன் தம்பி, நம்ம கடலுக்கே போனா என்ன?" என்றார். அவர் காலத்தில் தோட்டத்து லோரியில் பலகை போட்டு உட்கார்ந்து, வருடத்துக்கு ஒருமுறை போர்ட்டிக்சன் போனால் அதுவே பெரிய சுற்றுலா. மகனுக்கு முகம் சுருங்கியது. பக்கத்தில் இருக்கும் கடலுக்குப் போவதும் ஒரு பயணமா?

ஆனால் மார்ச் மாதத்தில் அந்தக் கடற்கரையில் ஒரு விசேஷம் உண்டு. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் என்னும் முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க, இந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. மேலே காடு, உச்சியில் 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம். எதிர்க்கரையில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு. இடையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடல். குளிருக்குத் தெற்கே வந்திருந்த பருந்துகள் வடக்கே வசந்தம் பிறந்ததும் இந்த வழியாகத்தான் திரும்புகின்றன. தேன்பருந்துகள்தான் அவற்றில் அதிகம். பெரிய பறவை சிறகடித்தே நெடுந்தூரம் பறக்காது. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி, சிறகை விரித்து மிதந்து போகும். கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் கடல் குறுகலான இடம் பார்த்துக் கடக்கின்றன. கடந்து வரும்போது களைத்துப்போய், தலைக்கு மேலே தாழ்வாக வருகின்றன. மலேசிய இயற்கைச் சங்கம் இதற்கென்றே 2000-இல் ஒரு பருந்து பார்க்கும் விழாவைத் தொடங்கியது.

போக நினைப்பவர்கள் வார நாளாகப் பாருங்கள். வார இறுதியில் போர்ட்டிக்சன் சாலை நகராது. வீட்டிலேயே பசியாறிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தால் போதும். நிலம் சூடேறிய பிறகுதான் பறவைகள் வரும். பதினொன்றிலிருந்து மூன்று வரை நல்ல நேரம். மேலே போவது தார்ச்சாலைதான், ஆனால் ஏற்றம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் சும்மா விடாது. இறங்கிய பிறகு தெலுக் கெமாங்கில் மணல். ஆழமில்லை என்று நினைத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் இராணுவ அரும்பொருளகம் பக்கத்தில் இருக்கிறது. டாங்கியைப் பார்த்தால் எந்தப் பையனும் அழுகையை நிறுத்திவிடுவான்.

சிரம்பான் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோலப்பிலா சாலையில் உலு பெண்டுல் ஆறு உண்டு. ஆயர் குரோ விலங்குத் தோட்டமும் தூரமில்லை. கோல சிலாங்கூர் மின்மினிப் பூச்சிகள் அழகுதான், ஆனால் அவற்றைப் பார்க்கப் பிள்ளை தூங்கும் நேரத்தில் படகேற வேண்டும்.

அந்தக் குடும்பம் ஒரு புதன்கிழமை போனது. பாட்டி ஏற்றம் ஏறவில்லை. கீழே மர நிழலில், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். மேலே மகள் பதினான்கு பருந்து வரைக்கும் எண்ணினாள். "இதெல்லாம் எங்கப்பா போகுது?" என்று கேட்டாள். லோரி ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றவர்தான், "சைபீரியா, ஜப்பான் வரைக்கும் போகும்" என்றார். சின்னவன் அதற்குள் அப்பாவின் தோளில் தூங்கிப்போயிருந்தான்.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டார்கள். வாந்தி இல்லை. சின்னவன் முதலாம் ஆண்டு ஏறட்டும், அப்போது கேமரன் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. பாட்டி அதற்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை.