குச்சிக் கட்டும் கழித்தல் கணக்கும்



52-இல் 38 போனால் எவ்வளவு? பல பிள்ளைகள் 26 என்று எழுதுகிறார்கள். 2-இல் 8 போகாது. அதனால் 8-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள்.

2024-இல் நம் நாட்டுக் கிராமங்களில் ஏசர் ஆய்வு நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினரே இத்தகைய கழித்தலைச் சரியாகச் செய்தார்கள்.

"பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லித் தருகிறார்கள். திருப்பித் தராத கடன் என்ன கடன்? பிள்ளை குழம்பாதா? இது சில்லறை மாற்றுவது போலத்தான். சந்தைக்குப் போகிற உங்களுக்கு அது தெரியாததா!

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். 5 கட்டு, 2 குச்சி வையுங்கள். அதில் 38 எடுக்கச் சொல்லுங்கள். முதலில் 8 குச்சி வேண்டும். இருப்பதோ இரண்டு. பிள்ளை விழிக்கும். அவசரப்படாதீர்கள், திட்டாதீர்கள். ஒரு கட்டினைப் பிள்ளையே அவிழ்க்கட்டும்.

இப்போது 4 கட்டு, 12 குச்சி. 8 குச்சி எடுத்தால் மீதி 4. 3 கட்டு எடுத்தால் மீதி ஒன்று. விடை 14.

எடுத்த 38-ஐத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். 4-உம் 8-உம் 12. அதில் பத்தைக் கட்டினால், மறுபடி 5 கட்டு, 2 குச்சி. கூட்டலும் வந்துவிட்டது. பிறகு சிலேட்டில் எழுதட்டும்.