‘கவனக்குறைவு’ என்று எழுதிய கடிதம்

(தெஹியோவிட்டவில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார், ஸ்டோர் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



இன்றைக்குச் சம்பளக் கணக்கையோ சந்தாக் கணக்கையோ பேச நாங்கள் வரவில்லை. அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். “எங்களுக்கே அடுப்பெரிக்கச் சொல்லித் தரப் போறீங்களா?” என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். கேட்கலாம், அம்மா. ஆனால் இது உங்கள் வீட்டு அடுப்பில் தொடங்கிய கதை இல்லை. ஸ்டோர் அடுப்பில் தொடங்கியது.

கடந்த மழைக்காலத்தில், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரு ஸ்டோரில் விறகு நனைந்துபோனது. நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். வெட்டி அடுக்கிய இறப்பர் விறகு தண்ணீர் குடித்துக் கிடந்தது. அடுப்பு புகைந்தது, ட்ரையரில் சூடு ஏறவில்லை, உருட்டிய கொழுந்து குவிந்து நின்றது. அப்போது யாரோ ஒரு ‘மூளைக்காரர்’ வழி கண்டுபிடித்தார். அடுப்பு வாயில் ஓர் இரும்புச் சட்டி. வெளியே உயரத்தில் ஒரு பீப்பாய். அதிலிருந்து ஒரு குழாய், ஒரு வால்வு. லொறிகளில் வடித்த பழைய எஞ்சின் ஒயில் சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழும், ஊதி காற்றடிக்கும். சில நாள் நன்றாகத்தான் எரிந்தது. பாராட்டும் கிடைத்தது. பாராட்டு யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் இரவு வேலையில் நெருப்பு அணைந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எண்ணெய்ச் சீலையைப் பற்றவைத்து உள்ளே நீட்டினான். அடுப்பு வாயிலிருந்து நெருப்பு பாய்ந்து வந்தது. இரண்டு கைகளும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. நாங்கள் வார்ட்டில் போய்ப் பார்த்தபோது அவன் முதலில் கேட்டது, “அண்ணே, நான் என்ன பிழை செஞ்சேன்?” என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டது. “தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.” ஒரே வரி. நம்முடைய பதிலையும் நாம் சொல்ல வேண்டும். அதற்கு எண்ணெய் எப்படி எரிகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் எண்ணெயாக இருக்கும்வரை எரியாது. சூடுபட்டு ஆவியாகி, அந்த ஆவி காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த டீசலில் எரிகிற தீக்குச்சி விழுந்து அணைந்துபோனதைச் சாரதிமார் சிலர் பார்த்திருப்பீர்கள். (வீட்டில் செய்து பார்க்கச் சொல்லவில்லை.) டீசல் ஏறத்தாழ 55, 60 பாகை செல்சியஸுக்குச் சூடான பிறகுதான் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிறது. மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். பெற்றோலுக்குச் சூடே தேவையில்லை. உறைபனியிலும் அது ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் பெற்றோமெக்ஸ் ஏற்றிய கைகள் இங்கே இருக்கின்றன. முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்குவோம். பிறகு பம்பு அடிப்போம். மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஏறி ஆவியாகி, ஊசித் துளை வழியாகச் சீறிப் பாயும். போகிற வழியில் காற்றையும் இழுத்துக்கொள்ளும். பம்பு அடுப்பும் இதே வேலைதான். 1892இல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த பிறைமஸ் அடுப்பு அது. நீலச் சுடர், புகை இல்லை, பாத்திரம் கறுக்காது. ஒருமுறை மூண்டுவிட்டால் அந்தச் சுடரே தன் குழாயைச் சூடாக்கிக்கொண்டு எரியும். அவசரக்காரர் குழாய் காயுமுன்னே பம்பு அடித்தால் என்ன நடக்கும்? ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீச்சியடிக்கும். மஞ்சள் நெருப்பு கூரை வரைக்கும் எழும்பும். அப்படிப் புருவம் கருகியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

பெரிய உலைக்கு வருவோம். ஸ்டோர்களில் எண்ணெய் எரித்த காலம் ஒன்று இருந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கி, சில மாதங்களில் நான்கு மடங்கானது. அதன் பிறகுதான் தேயிலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் விறகுக்குத் திரும்பின. (அதே வருடங்களில் லயங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் நம் சனம் பட்டினியில் செத்ததை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள்.) உலை எண்ணெய் தார் மாதிரித் தடித்தது. கூட்டுத்தாபனம் அதை 800, 1500 என்று எண் போட்டு விற்கிறது. அந்த எண் செக்கன் கணக்கு. சோதனைக் கிண்ணத்தின் சின்னத் துளை வழியாகக் குறிப்பிட்ட அளவு எண்ணெய் ஒழுகி முடிய எத்தனை செக்கன் ஆகிறது என்பது. அவ்வளவு தடித்ததைச் சும்மா பற்றவைக்க முடியாது. முதலில் சூடாக்கி இளக்குவார்கள். பிறகு அமுக்கம் கொடுத்து மூக்கு வழியாகப் பனித்துளி போலச் சிதறடிப்பார்கள். சின்னத் துளி சட்டென்று ஆவியாகும், காற்றோடு நன்றாகக் கலக்கும். சட்டி வைத்துச் சொட்ட விடும் முறையும் இருக்கிறது. அது சிறிய அடுப்புகளுக்கானது. அதற்கும் அளவு பார்த்து எண்ணெய் விடும் கருவி வேண்டும்.

ஒழுங்காகச் செய்த எண்ணெய் அடுப்புக்கு ஒரு வரிசை உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள், தம்பியின் வழக்கே இதில்தான் இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் எண்ணெய் வராது. முதலில் ஊதி மட்டும் ஓடும். அடுப்புக்குள் ஏற்கெனவே தங்கியிருக்கும் ஆவியைப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும். அதன் பிறகுதான் பொறி, அதன் பிறகு எண்ணெய். சுடரைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ‘கண்’ பொருத்தியிருப்பார்கள். சில செக்கன்களில் சுடர் வராவிட்டால், அல்லது எரிந்த சுடர் அணைந்துவிட்டால், அந்தக் கண் எண்ணெயைத் தானாக நிறுத்திவிடும். தொழிலாளி தூங்கினாலும் நிறுத்தும், விழித்திருந்தாலும் நிறுத்தும்.

இப்போது அந்த இரவுக்குப் போங்கள். நெருப்பு அணைந்துவிட்டது, சட்டி இன்னும் சூடாகக் கிடக்கிறது. வால்வு திறந்தபடி. சொட்டுகிற ஒவ்வொரு துளியும் ஆவியாகிறது, எரியவில்லை. ஒரு லீற்றர் எண்ணெய் முழுதும் ஆவியானால் நூறு லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். அடுப்பு முழுவதும் ஆவி. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு உள்ளே இருட்டுத்தான் தெரியும், நெருப்பு இல்லை, பயமில்லை என்றுதான் தோன்றும். அவன் தீயை நீட்டினான். அங்கே ஊதி முதலில் ஓடவேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. சுடர் பார்க்கும் கண் இல்லை. எண்ணெயை நிறுத்தும் கருவி இல்லை. விறகு அடுப்பில் வேலை பழகியவனுக்கு எண்ணெய் அடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. விறகு அடுப்பு அணைந்தால் தீ நீட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. அதைத்தான் செய்தான். இத்தனை ‘இல்லை’களும் சேர்ந்துதான் அவனைச் சுட்டன. கடிதத்திலோ ஒரே ஒரு கவனக்குறைவுதான் இருக்கிறது, அதுவும் அவனுடையதாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். உயிர் போகாத காயங்களுக்கு நட்டஈடு மறுக்க அதில் சில காரணங்கள்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது. ‘கவனக்குறைவு’ அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அடுத்த கடிதத்தில் ‘சொல்லியும் கேட்கவில்லை’ என்று வரும் என்று எதிர்பார்க்கிறோம். வரட்டும். என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், எந்தச் சுவரில் எழுதி ஒட்டினீர்கள், அவனுக்குப் புரிகிற மொழியில் ஒட்டினீர்களா என்று கேட்போம். இன்னொன்று, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, விபத்தில் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனால் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாங்கள் கேட்டபோது அந்த அறிவித்தலின் பிரதியைக் காட்டவில்லை.

பழைய எஞ்சின் ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் பேக்கரிப் போறணையிலும் அலுமினியம் உருக்கும் இடங்களிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த ஒயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் தூள் இருக்கும், மருந்து கலப்பு இருக்கும். அந்தப் புகையைத் தினமும் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. சில நேரம் தண்ணீரும் கலந்திருக்கும். சுட்ட சட்டியில் தண்ணீர் கலந்த ஒயில் விழுந்தால், தண்ணீர் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும். ஒயில் நுரைத்துப் பொங்கி வெளியே கொட்டும். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். மணல், ஈரச் சாக்கு, மூடி. இவைதான் ஆகும். துரைமாருக்கு நம் நுரையீரல் பெரிதில்லை என்றால் தேயிலையையாவது நினைக்கட்டும். ட்ரையருக்குள் ஏறத்தாழ 90, 100 பாகைச் சூட்டுக் காற்றுத்தான் போகவேண்டும். ஹீட்டர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் ஒயில் புகையும் கூடவே போகும். அந்தத் தூளை ஏலத்தில் யார் வாங்குவார்கள்?

இனி அந்த அம்மாவின் அடுப்பு. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. அப்போது நமக்கு நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு நாள் மலையேறிக் கொழுந்து பறித்தாலும் பால் வெட்டினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு லீற்றர் எண்ணெய்க்கே போனது. அதற்கு முந்தைய மாதங்களில் வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கண்டதையும் கலக்கும் பழக்கம் லயங்களுக்கு வந்தது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல், கொஞ்சம் டீசல். இன்றைக்கும் சிலர் விடவில்லை என்று கேள்விப்படுகிறோம்.

டீசல் கலந்தால் புகையும், திரி கரியும். பெற்றோல் கலந்தால் கதை வேறு. உங்கள் திரி அடுப்பின் தாங்கி எரியும்போது மெல்லச் சூடாகும். மண்ணெண்ணெய் அதைத் தாங்கும், கலந்த எண்ணெய் தாங்காது, தாங்கிக்குள்ளேயே ஆவி நிரம்பும். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதும் அதே ஆபத்துத்தான். அணைத்து, ஆற விட்டு, பிறகு ஊற்றுங்கள். பம்பு அடுப்பென்றால் முதலில் திருகைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். லயத்தில் ஒரு காம்பறாவில் பிடித்த நெருப்பு கூரை வழியாக அடுத்த காம்பறாவுக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு வருடமாகத் தனி வீடு கேட்கிறோம்.

குப்பி லாம்பைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. விஜய கொடகும்புர என்ற நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர், குப்பி லாம்பு கவிழ்ந்து வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, தானே ஒரு விளக்கைச் செய்தார். குட்டையான, கனமான கண்ணாடி. உருளாமல் இருக்கத் தட்டையான பக்கங்கள். இறுக்கித் திருகும் உலோக மூடி. ‘சுதீப’ என்று பெயர். 1998இல் அதற்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. விழுந்தவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று அவர் திட்டவில்லை. விளக்கை மாற்றினார். மின்சாரம் வெட்டும் நாளுக்கென்று குப்பி லாம்பு வைத்திருப்பவர்கள் அந்த வடிவத்தைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அகன்ற, குட்டையான போத்தலாவது இருக்கட்டும். உயரமான பியர் போத்தல் வேண்டாம்.

வெந்துபோனால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். தம்பியின் கையில் யாரோ பற்பசை பூசிவிட்டார்கள். நல்ல மனசோடுதான் பூசினார்கள். வார்ட்டில் அதை உரித்தெடுக்கும்போது அவன் போட்ட சத்தத்தை அவன் தாய் இன்னும் சொல்லி அழுகிறார்.

ஸ்டோர் கமிட்டிகளுக்கு மூன்று வேலை தருகிறோம். உங்கள் ஸ்டோரில் எண்ணெய் எரிக்கும் எந்த ஏற்பாடு இருந்தாலும், சுடர் அணைந்தால் எண்ணெயைத் தானாக நிறுத்தும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அடுப்பில் வேலை செய்ய மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள், பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். விறகுக்குக் கூரை போட்ட கொட்டகை கேளுங்கள். காய்ந்த விறகு இருந்திருந்தால் அந்தச் சட்டியே வந்திருக்காது.

கடைசியாக, தம்பியின் வழக்கு. விபத்துக்கு மறுநாளே பீப்பாயையும் குழாயையும் கழற்றி அப்புறப்படுத்திவிட்டார்கள். அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்றும் இப்போது சொல்கிறார்கள். சுவரில் எண்ணெய்க் கறை இருக்கிறது, பீப்பாய் நின்ற இடத்தில் கால் தடம் இருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அது எரிந்ததைக் கண்ட மனிதர் வேண்டும். இரவு வேலை செய்தவர்கள், ஒயில் சுமந்து ஊற்றியவர்கள், கொழுந்து இறக்க வந்த லொறிக்காரர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், முடிந்ததும் அந்த மேசைக்கு வாருங்கள். வாக்குமூலம் எழுதத் தாளோடு இரண்டு தோழர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.