கடலோரத்து வீடு ஏன் மலிவு?



குடும்பத்தோடு ஊர் மாறுவது என்பது வீடு மாறுவது மட்டுமல்ல. கணவன் மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், முதியோர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் என எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. குறைந்த செலவில் வாழக்கூடிய கடலோர ஊருக்குக் குடிபெயர்வது நல்லதா என்பதே இன்றைய கருத்தரங்கின் கேள்வி. அதற்கு அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் மிசிசிப்பி மாநிலக் கடற்கரையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிகாகோவில் வசிக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இருந்தும் வாடகை கட்டிய பிறகு கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு நாள் இரவு, கணவர் கணினியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டுகிறார். மூன்று படுக்கையறை, வாசலில் பெரிய ஓக் மரம், கடற்கரைக்கு ஐந்தே நிமிடம். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு கைமாறிய பழைய வீடுகளின் நடுவிலை 400,000 டாலரைத் தாண்டியிருந்தது. இந்த வீட்டின் விலையோ 200,000 டாலர். படத்தைப் பார்த்த மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "இவ்வளவு நல்ல வீடு ஏன் இவ்வளவு மலிவு?"

அந்தக் குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றப் போவது இந்தக் கேள்விதான்.

நல்லது நிறைய உண்டு

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மிசிசிப்பியின் கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளம். பே செயின்ட் லூயிஸ், பாஸ் கிறிஸ்டியன், கல்ஃப்போர்ட், பிலாக்ஸி, ஓஷன் ஸ்பிரிங்ஸ், பாஸ்ககூலா என்று ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. சிகாகோவைப் போல் மாதக்கணக்கில் பனியோடு போராட வேண்டியதில்லை.

வேலை வாய்ப்பும் இல்லாமல் இல்லை. பாஸ்ககூலாவில் உள்ள இங்கால்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் 10,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பிலாக்ஸியில் கீஸ்லர் விமானப்படைத் தளம் இருக்கிறது. மேற்கே, நாசா தன் ராக்கெட் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் ஸ்டெனிஸ் விண்வெளி மையம் இருக்கிறது. ஹோட்டல்கள், சூதாட்டக் கூடங்கள், மருத்துவமனைகள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. கல்வியில் பின்தங்கிய மாநிலம் என்று பெயரெடுத்திருந்த மிசிசிப்பி, மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளை வாசிக்கக் கற்றிருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதன் பிறகு தொடக்கப் பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறன் நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

ஆகவே அங்கே போக நினைப்பது முட்டாள்தனம் அல்ல. விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

கடல் ஏறி வந்த நாள்கள்

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி இரவு, கமீல் என்ற சூறாவளி இந்தக் கரையைத் தாக்கியது. பாஸ் கிறிஸ்டியன் பகுதியில் கடல் 24 அடி உயரத்துக்கு எழுந்தது. அதைவிடப் பெரிதாக இனி ஒன்று வராது என்று ஊரார் நம்பினார்கள். 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரினா வந்தது. கமீலின்போது தண்ணீர் வராத வீட்டுக்கு இப்போது மட்டும் வந்துவிடுமா என்று எண்ணி வெளியேறாமல் தங்கியவர்கள் பலர். பாஸ் கிறிஸ்டியனில் அன்று கடல் ஏறத்தாழ 28 அடி எழுந்தது. மிசிசிப்பியில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பே செயின்ட் லூயிஸ் பாலமும், பிலாக்ஸியை ஓஷன் ஸ்பிரிங்ஸோடு இணைத்த பாலமும் உடைந்து விழுந்தன. புதிய பாலங்கள் 2007ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டன.

தண்ணீர் வடிந்த பின்பு இன்னொரு துன்பம் காத்திருந்தது. பல தெருக்களில் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டுமே மிஞ்சியது. சாதாரண வீட்டுக் காப்புறுதி, காற்றினால் வரும் சேதத்துக்குப் பணம் தரும். வெள்ளத்தினால் வரும் சேதத்துக்குத் தராது. வீட்டை இடித்தது காற்றா, தண்ணீரா? வெறும் தளத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியோடு எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின. அவர்களில் பலர், "உங்கள் வீடு வெள்ள அபாயப் பகுதியில் இல்லை" என்று வரைபடம் சொன்னதை நம்பி, வெள்ளக் காப்புறுதி எடுக்காதவர்கள்.

மனைவியின் கேள்விக்குப் பதிலில் ஒரு பெரும் பகுதி இதுதான். வாங்கும்போது மலிவாகத் தெரியும் வீடு, அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் காப்புறுதியாகப் பணம் கேட்கிறது.

மூன்று காப்புறுதி

கடலுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று காப்புறுதி தேவைப்படும். வீட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று. வெள்ளத்துக்கு 1968ஆம் ஆண்டில் உருவான மத்திய அரசின் தேசியத் திட்டம் உண்டு. அதில் கட்டடத்துக்கு அதிக அளவாக 250,000 டாலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000 டாலரும் கிடைக்கும். ஆனால் வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால், பொதுவாக 30 நாள் கழித்தே அது நடப்புக்கு வரும். புயல் வருகிறது என்று செய்தி கேட்டுவிட்டு ஓடினால் பயனில்லை.

இன்னொரு சிறு எழுத்தையும் படிக்க வேண்டும். சூறாவளிச் சேதத்தில் முதல் பங்கை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்பது விதி. அது பெரும்பாலும் விழுக்காட்டில் எழுதப்பட்டிருக்கும். 200,000 டாலருக்குக் காப்புறுதி செய்த வீட்டில் அது 5 விழுக்காடு என்றால், முதல் 10,000 டாலர் வீட்டுக்காரரின் பையிலிருந்துதான் போகும். அந்தப் பணம் வங்கியில் இல்லாத குடும்பத்துக்கு அந்த வீடு மலிவானதல்ல.

ஆகவே விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. வீட்டின் முகவரியை வெள்ள வரைபடத்தில் பார்க்க வேண்டும். வி என்று குறித்த பகுதியில் அலையும் வரும். ஏ என்ற பகுதியில் வெள்ளம் வரும். எக்ஸ் என்ற பகுதியில் அபாயம் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. வீட்டின் தரைமட்டம் எவ்வளவு உயரம் என்று அளந்து கொடுத்த சான்றிதழைக் கேட்க வேண்டும். கூரைக்கு எத்தனை வயது என்று கேட்க வேண்டும். விற்பவர் கட்டிவரும் வெள்ளக் காப்புறுதியைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் விசாரிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய கட்டண முறை வந்த பிறகு, இப்படி மாற்றிக்கொள்வதால் சில வீடுகளுக்குச் சந்தா கணிசமாகக் குறைகிறது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது. ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அதில் ஒரு பருவத்தை அங்கேயே கழித்தால், வெளியேறச் சொல்லும் நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது, அதற்குச் செலவு எவ்வளவு, வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்குமா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

முன்பே போனவர்கள்

1978 முதல் 1991 வரை திரங்கானுவின் பீடோங் தீவில் தங்கியிருந்த வியட்நாமிய அகதிகளை மூத்த மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் பிலாக்ஸியிலும் வியட்நாமியக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. சிப்பியும் நண்டும் உடைக்கும் ஆலைகளில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக இறால் படகு வாங்கினார்கள். 2005இல் கத்ரினா வந்தது. 2010இல் வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவு மீன்பிடிப்பையே நிறுத்திவைத்தது. பலர் வேறு ஊர் போனார்கள். ஆயினும் அந்தச் சமூகம் இன்றும் அங்கே இருக்கிறது. ஒரே தொழிலை, அதுவும் கடலை மட்டுமே நம்பிய வீட்டில் கஷ்டம் அதிகம் என்பது அவர்கள் அனுபவம் காட்டும் பாடம்.

கத்ரினாவுக்குப் பிறகு அந்தக் கரையில் எழுந்த புதிய வீடுகள் பல, உயரமான தூண்களின் மேல் நிற்கின்றன. நம் ஊர்க் கம்பத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல.

இந்தக் கேள்வி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் அனைவரும் பார்த்தோம். மலேசியாவில் அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, அதில் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சிகாகோ குடும்பம் தாராளமாகத் தெற்கே போகலாம். ஆனால் வீட்டின் விலையோடு மூன்று காப்புறுதியையும், வெளியேறும் செலவையும், அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய பணத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டிய பிறகும் அந்த வீடு கைக்கு எட்டினால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிம்மதியாகப் புறப்படலாம்.