கதவோர ரப்பர்

பழைய மோட்டார் வண்டியை வைத்திருப்போர் எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவர். வண்ணப் பூச்சைப் பற்றி அரை மணி நேரம் பேசுவர். கதவின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டையைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. பட்டறைகளில் 'பீடிங்' என்று வழங்கும் அந்த எளிய பொருளைப் பற்றியே இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

பாலக்காட்டில் உள்ள எங்கள் இல்லத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி உண்டு. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவமைத்த இவ்வண்டி, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். 1962இல் வெளிவந்த ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டதாகும். ஆகவே எங்கள் வண்டியை அந்த ஓட்டக்காரத் தங்கையின் அமைதியான தமக்கை எனலாம்.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மூணாற்றில் உள்ள உறவினரைக் காணச் செல்வது எங்கள் வழக்கம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகச் செல்லும் பாதை அது. கேரளத்திலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டைக் கடந்து மீண்டும் கேரளத்திற்குள் நுழைவோம். மழை மறைவுப் பகுதியான சின்னாற்றில் வெயில் சுடும். அதே நாள் மாலையில் மூணாற்றில் மழை கொட்டும். வண்டியின் ரப்பருக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டுமோ?

அத்தகைய ஒரு பயணத்தில், மறையூரைத் தாண்டி மலையேறும்போது என் அன்னையார், "தலை வலிக்குதப்பா, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு" என்றார். மலைப்பாதையின் வளைவுகளே காரணம் என்று எண்ணினேன். கண்ணாடியை இறக்கியதும் தேறினார். மழைக்கு அஞ்சி ஏற்றியதும் மீண்டும் தலை சுற்றியது. ஊர் திரும்பி ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. புகைக்குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தது. கசிந்த புகை, ரப்பர் வெடித்த கதவிடுக்கின் வழியே உள்ளே புகுந்திருக்கிறது. அப்புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. அளவு மிகுந்தால் உயிரையே கவர்வது. இருக்கை நனைகிறதே என்று மட்டும் கவலைப்பட்டிருந்த எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

முதலில் புகைக்குழாயைச் செப்பனிட்டேன். நேயர்களும் இவ்வரிசையை மறவாதீர்கள். நோய் குழாயில் இருக்க, கதவை மட்டும் அடைப்பது மருத்துவமாகாது. பிறகு ரப்பரை மாற்றும் வேலையில் இறங்கினேன், தோற்றும் போனேன். நீளம் சற்றே குறைந்த பட்டையை இழுத்து ஒட்டினேன். ஒரு வாரத்திற்குள் அது சுருங்கி, இரு முனைகளுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. கோயமுத்தூரைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இழுத்து வெச்ச ரப்பர் தன் ஊருக்குத் திரும்பாம இருக்குமுங்களா?" என்றார். வெளியூர் வாழ்வோராகிய உங்களுக்கு அவ்வாக்கின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் மற்றொரு மயக்கத்தையும் தீர்த்தார். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நாடு இது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ரப்பர் வாரியம் கோட்டயத்திலேயே இருக்கிறது. ஆதலால் மரத்து ரப்பரே எதற்கும் சிறந்தது என்று நம்பியிருந்தேன். இழுவிசையைத் தாங்குவதில் மரத்து ரப்பர் வல்லமை உடையதுதான். ஆயினும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுத்துவிடுகிறது. வெயிலும் அதற்குத் துணை செய்கிறது. வளைந்தும் விறைத்தும் நிற்கும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அத்தகைய பிணைப்புகள் இல்லை. எனவே கதவோரத்திற்கு அதுவே ஏற்றது.

இனி, செய்முறையைக் கூறுகிறேன். முதலில் கசிவின் இடத்தை அறிய வேண்டும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் அழுத்தம் இல்லை என்று பொருள். கதவைச் சுற்றிலும் இவ்வாறு சோதியுங்கள். கதவின் அடிப்புறத்தில் உள்ள வடிகால் துளைகளையும் நோக்குங்கள். கண்ணாடியோரமாக உள்ளிறங்கும் நீர் அவற்றின் வழியேதான் வெளியேற வேண்டும். அவை சேற்றால் அடைபட்டிருந்தால் ரப்பரைக் குறை கூறிப் பயனில்லை.

பழைய பட்டையை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு துண்டை எடுத்துச் சென்று, வடிவும் பருமனும் ஒத்த பட்டையை வாங்குங்கள். பருமன் மிகுந்தால் கதவை ஓங்கிச் சாத்த நேரும், கீல் தளரும். பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்பு நீரால் பிசுக்கு நீங்கக் கழுவி, நன்கு உலர விடுங்கள். துரு இருப்பின் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணமும் பூசிய பின்னரே ரப்பரைப் பொருத்த வேண்டும். துருவின் மேல் ஒட்டியது நில்லாது.

முதலில் பசையின்றிச் சுற்றிலும் வைத்துப் பாருங்கள். இரு முனைகளும் கூடும் இடம் கதவுவாயின் அடிப்பகுதியில் அமையட்டும். மேலே அமைந்தால் மழைநீருக்கு வழியாகும். மூலைகளில் பட்டையை இழுக்காமல், சற்றே நெருக்கி வளையுங்கள். ஒரு விரற்கடை நீளம் மிகுதியாக விட்டு வெட்டி, முனைகளை நெருக்கிச் சேருங்கள். பசை பூசும் வகையாயின் இருபுறமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்கள். ஓரிரவு கழித்து, ஒருவர் உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து நீர் ஊற்றிச் சோதியுங்கள். பின்னாளில் கிரீசும் எஞ்சின் எண்ணெயும் அதன்மேல் படவிடாதீர்கள்; சோப்பு நீரும் சிறிது சிலிக்கோன் பூச்சுமே போதும்.

சென்ற மழைக்காலத்தில் மீண்டும் மூணாறு சென்றோம். மறையூருக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அன்னையாருக்குத் தலைவலி வந்துவிடுமோ என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். அவரோ, "ரோட்டைப் பார்த்து ஓட்டப்பா, எனக்கு ஒண்ணுமில்லே" என்றார். கதவோரத்தில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமில்லை.

உங்கள் இல்லத்திலும், ஊரில் பெற்றோர் வைத்திருக்கும் வண்டியிலும் இத்தகைய ரப்பர் ஒன்று வெடித்துக் கிடக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு தாளை எடுத்துக் கதவிடுக்கில் வைத்துப் பாருங்கள். புகைக்குழாயையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.