காதுக்குள்ளே ஒரு ரீங்காரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காது டாக்டர் மேடையை விட்டு இறங்கினால் போதும், "காதுல கொய்ங்னு ஒரே சத்தம்ப்பா" என்று ரெண்டு பேராவது பிடித்துக்கொள்வீர்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் இது கேட்கும் திறன் குறைவதன் அடையாளம். உட்காதின் மயிரிழைச் செல்கள் வயதாலோ, தறிச் சத்தத்தாலோ கெட்டால் மறுபடி முளைக்காது. வரவேண்டிய ஒலி வராதபோது மூளை தானாக ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது என்பதே இன்றைய விளக்கம். 1953-ல் அமெரிக்காவில், காது நன்றாகக் கேட்கிற 80 பேரை நிசப்தமான அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ சத்தம் கேட்டதாம்! ஆகவே சத்தம் கேட்டதுமே பயந்துவிட வேண்டாம்.

சிலருக்கு வெறும் குறும்பிதான் காரணம். (ஹேர்பின்னை விட்டுக் குடையாதீங்க!) ஆஸ்பிரின் அளவு மீறினாலும் வரும், அதற்காக இதயத்துக்குப் போடுகிற சின்ன மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது.

ஒரே காதில் மட்டும் சத்தம், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து சத்தம் என்றால் டாக்டரிடம் காட்டியே ஆகணும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், 'சளி அடைச்சிருக்கு' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா, பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.