கார்த்திகை ஈரமும் வீட்டு விதையும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கார்த்திகை பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் பேச்செல்லாம் வயலைப் பற்றியே இருக்கும். வடிகால் அடைத்துக் கொண்டதா, சம்பாப் பயிர் மூழ்கியதா, மேலுரம் இட மழை விடுமா என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்வோம். அது நியாயமே. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆனால் இன்று நான் வயலுக்குப் போகப் போவதில்லை. உங்கள் வீட்டுக்குள் வருகிறேன்.

முன்பனிக் காலத்தில் வீடு எப்படி இருக்கிறது? உப்பு ஜாடியில் நீர் கோத்துக் கொள்கிறது. தீக்குச்சி உரசினால் பற்றுவதில்லை. கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் உலர்வதில்லை. டப்பாவில் இருக்கும் அப்பளம் நமுத்துப் போகிறது. இவை நம் தாய்மார்கள் அன்றாடம் காண்பவை. அப்பளத்தை நமுக்க வைக்கும் அதே ஈரம், தை மாதத்தில் தெளிப்பதற்காக வைத்திருக்கும் உளுந்து விதையையும் விட்டு வைப்பதில்லை. அப்பளம் நமுத்தால் உடனே தெரிந்துவிடும். விதை கெட்டால், தெளித்த பிறகுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பட்டுத் தெரிந்து கொண்டேன். 2005-ஆம் ஆண்டு கார்த்திகையில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் சம்பாவில் பாதி அழுகிப் போயிற்று. என் தகப்பனார் இரவு பகலாக வடிகால் வெட்டிக் கொண்டிருந்தார். "நெல் போனாலும் உளுந்து கைகொடுக்கும்" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். அக்காவின் கல்லூரிச் செலவுக்கு அந்த உளுந்தைத்தான் நம்பியிருந்தோம்.

அந்த விதை, பங்குனி அறுவடையிலிருந்து சாக்கில் கட்டிக் கூடத்துச் சுவரோரம் மண் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மழை நாட்களில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தை மாதம் ஆறு மா நிலத்தில் தெளித்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்தது. ஆனால் வீட்டை ஒட்டிய ஒரு மாவில் மட்டும் பயிர் நெருக்கமாகப் பச்சென்று நின்றது. அது அப்பாயியின் பானை விதை. சாக்கில் இடம் போதாமல் மிஞ்சிய நாலைந்து கிலோவை அவர் சாம்பல் கலந்து பானையில் போட்டு, அடுப்படிப் பரணில் வைத்திருந்தார். மழை விட்ட நாட்களில் மறக்காமல் இறக்கி வெயில் காட்டினார்.

ஒரே வயல், ஒரே அறுவடை, ஒரே விதை. வைத்த இடம்தான் வேறு. அந்த ஆண்டு அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. அப்பாயியின் பானையில் மந்திரம் ஏதும் இல்லை. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

விதை ஏன் கெடுகிறது?

விதை உயிருள்ள பொருள். மெதுவாக மூச்சு விட்டுக் கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துக் கொள்கிறது. காற்று உலர்ந்தால் விட்டுவிடுகிறது. ஈரம் ஏறிய விதை வேகமாக மூச்சு விடும், சூடாகும், தன் சத்தைத் தானே செலவழித்துவிடும். விதையின் ஈரம் 1 சதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதை நூலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. சாக்கில் வைக்கும் உளுந்து, பயறு விதையில் ஈரம் 9 சதத்துக்கு மேற்படக் கூடாது. காற்றுப் புகாத பையானால் 8 சதம். நெல் விதைக்கு 13 சதம் வரை இருக்கலாம்.

அடுத்த எதிரி பயறு வண்டு. இது வீட்டில் தோன்றுவதன்று. பெரும்பாலும் வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்கு வந்து சேர்கிறது. விதையின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வெண்புள்ளிகளே அதன் முட்டைகள். புழு உள்ளே குடைந்து தின்று, சுமார் ஒரு மாதத்தில் வண்டாகி, வட்டமான துளையிட்டு வெளியே வரும். வந்ததும் மீண்டும் முட்டையிடும். பங்குனி முதல் தை வரை ஒன்பது, பத்து மாதத்தில் எத்தனை தலைமுறை பெருகும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

மழை விட்டு வெயில் அடிக்கும் முதல் நாளிலேயே விதையை வெளியே எடுங்கள். பனி ஈரம் விலகித் தரை காய்ந்த பிறகு தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்புங்கள். வெறும் மண்ணிலோ, ஈரமான களத்திலோ கொட்டக் கூடாது. பிற்பகலில் வெயில் தாழுமுன் அள்ளிவிட வேண்டும். மாலைப் பனி விழுந்தால் காய வைத்த பயன் போய்விடும். இரண்டு மூன்று வெயில் இப்படிக் காட்டுங்கள். கடித்துப் பார்த்தால் பல்லில் பதியாமல் 'டக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே கொட்டிக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

புடைத்துச் சொத்தை நீக்கிய விதையில், சலித்த சாணச் சாம்பலை விதைகளுக்கு இடையே உள்ள சந்து நிரம்பும் அளவு கலக்கலாம். சந்து அடைபட்டால் வண்டு நடமாட முடியாது. அதன் மேல்தோலும் உராய்ந்து உலரும். சாம்பல் அன்று சலித்த உலர்ந்த சாம்பலாக இருக்கட்டும். பழைய சாம்பலே ஈரம் கோத்திருக்கும். கிடைக்குமிடத்தில் ஊக்குவிக்கப்பட்ட களிமண் தூளை 100 கிலோ விதைக்கு 1 கிலோ வீதம் கலக்கலாம். சாக்கைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ள துளைக்குழாய்ப் பொறியை விதைக்குள் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே அதில் விழும். வண்டு வந்திருப்பதைத் தொடக்கத்திலேயே அறிய இது உதவும்.

ஓர் எச்சரிக்கை. வண்டைக் கொல்வதற்காக நச்சு வாயு மாத்திரையை மக்கள் குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த வாயு உறங்குபவரின் உயிரைக் குடித்துவிடும்.

நூறு விதைச் சோதனை

எல்லாவற்றினும் முக்கியமானது இது. செலவு ஒரு காசு கூட இல்லை. மார்கழி முதல் வாரத்தில், மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும் கைவிட்டு விதை எடுங்கள். நல்லது கெட்டது பொறுக்காமல் 100 விதை எண்ணுங்கள். நனைத்துப் பிழிந்த கோணித் துண்டில் வரிசைக்குப் பத்தாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் செம்மையாக உள்ள முளைகளை மட்டும் எண்ணுங்கள். இதைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்; நம்மைவிடக் கவனமாக எண்ணுவார்கள்.

75 அல்லது அதற்கு மேல் முளைத்திருந்தால் கவலை இல்லை. நெல் தரிசுக்கு ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ போதும். 60 மட்டுமே முளைத்தால் 12 கிலோவுக்குப் பதில் 15 கிலோ தெளிக்க வேண்டும். 50-க்குக் குறைந்தால் அந்த விதையை நம்ப வேண்டாம். முளைப்பவையும் வலுவின்றிப் போகும். உடனே வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று பெற்ற விதைக்குச் சொல்லி வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிக்கிறோம். அந்த எஞ்சிய ஈரத்திலும் பனியிலும்தான் அது வளர வேண்டும். முளைக்காததை உணர்ந்து மறுபடி தெளிக்கலாம் என்றால் அதற்குள் பதம் போய்விடும். அந்தப் பயிருக்கு மறுவாய்ப்புக் கிடையாது. மார்கழியில் தெரிந்தால் மாற்று விதை தேட ஒரு மாதம் இருக்கிறது. தையில் தெரிந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

கொட்டிலிலும் அதே ஈரம்

விதைக்குச் செய்த ஈரம் மாட்டையும் சும்மா விடாது. கொட்டில் தரையில் சாணமும் மூத்திரமும் தேங்கினால் மடிநோய் வரும். மேட்டு மணலோ சாம்பலோ தூவித் தரையை உலர்த்துங்கள். பால் கறந்த பிறகு அரை மணி நேரம் வரை காம்புத் துளை திறந்தே இருக்கும். ஆகவே கறந்தவுடன் தீவனம் போட்டுப் பசுவை நின்றபடியே தின்ன விடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைக் குப்பைக் குழிக்குத் தள்ளுங்கள். பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கைப் பசுவுக்கு வைக்கவே கூடாது. அதிலுள்ள நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

பெருமக்களே, மார்கழியில் நம் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து கோலமிட்டுச் சாணப் பிள்ளையாருக்குப் பூசணிப் பூ சூட்டுகிறார்கள். அந்த ஒரு மாதத்தில் வாரம் ஒரு நாள், வாசலிலிருந்து அப்படியே உள்ளே திரும்பி விதை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலும், வெதுவெதுப்பாக இருந்தாலும், மாவு ஒட்டினாலும் அன்றே வெயிலுக்கு எடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்ய அப்பாயி ஒருவர்தான் இருந்தார். அவர் காப்பாற்றியது ஒரு மா. நாங்களும் அவரோடு சேர்ந்திருந்தால் ஆறு மாவும் தப்பியிருக்கும். உங்கள் வீட்டில் அந்தக் குறை நேராமல் பார்த்துக் கொள்ளுங்கள்.